புயல்சிறகன் தொங்கிய காட்சி

கத்தரியக்காவுக்கு அந்தப் பேர் தையலால் வந்ததல்ல. கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவது அவள் பிழைப்பு. ஸ்டூடியோவின் பின்னறையில், ஜன்னலே இல்லாத நாலு சுவருக்குள், இரண்டு மானிட்டர்களின் வெளிச்சத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து நாற்காலி மெத்தை அவள் அளவுக்குப் பள்ளம் விழுந்து கிடந்தது. கொட்டாவி விடும் மாமனார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும் நாத்தனார், மாப்பிள்ளையின் காதில் ஏதோ முணுமுணுக்கும் சித்தப்பா என்று எல்லாரையும் சுவடு தெரியாமல் எடுத்துவிடுவாள். "அக்கா கை பட்டா எந்தக் குடும்பமும் நல்ல குடும்பம்தான்" என்று ஸ்டூடியோ முதலாளி வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்வார்.

இவ்வளவு கல்யாணங்களை இவ்வளவு கிட்டத்தில் பார்த்தவளுக்குத் தனக்கென்று ஒன்று பண்ணிக்கொள்ளும் ஆசை எப்போதோ விட்டுப்போயிருந்தது. அம்மா போனபின் தம்பியை ஆளாக்கினாள். அவனுக்குக் கல்யாணம் செய்து வைத்து, அந்த வீடியோவையும் அவளே வெட்டினாள். இப்போது தம்பி குடும்பத்தோடுதான் இருக்கிறாள்.

எந்த வேலையை எடுத்தாலும் அவள் கை முதலில் போவது சத்தத்தை அமுக்கும் பொத்தானுக்கு. கல்யாணத்தில் பதிவாகும் சத்தத்தில் ஒன்றும் தேறாது. ஜெனரேட்டர் இரைச்சல், குழந்தையின் அழுகை, கேமராக்காரனின் இருமல், அவ்வளவுதான். எல்லாவற்றையும் அமுக்கிவிட்டு மேலே ஒரு வயலினைப் போர்த்திவிட்டால் வேலை முடிந்தது. வருஷக்கணக்கில் இப்படியே ஓடிவிட்டதால், படத்துக்கு அடியில் சத்தம் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். வேலையில் அவனைப் போல ஜாக்கிரதைக்காரனைப் பார்க்க முடியாது. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைச் சட்டைப்பையில் செருகாமல் இயந்திர அறைக்குள் கால் வைக்க மாட்டான். தொளதொளவென்று சட்டை போட்டுக்கொண்டு யாராவது வந்தால், "கப்பி உன்னை முழுங்கிட்டு ஏப்பம்கூட விடாது மாப்ள, போய் மாத்திட்டு வா" என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவான்.

வேலைச் சட்டையைக் கழற்றினால் வேறு ஆள். சின்ன வயசிலிருந்தே அவனுக்குப் புயல்சிறகன் பித்து. படக்கதையில் வரும் அதிசய வீரன். முகமூடி போட்டிருப்பான், கழுத்தில் முடிந்து முதுகில் குதிகால் வரைக்கும் தொங்கும் கறுப்புத் துணிச் சிறகு. முப்பதைத் தாண்டியும் அந்தப் பித்து இறங்கவில்லை. ரசிகர் வட்டம் குறும்படப் போட்டி அறிவித்ததும், ஒல்லி என்று எல்லாரும் கூப்பிடும் சிநேகிதனைக் கேமராவுக்குச் சேர்த்துக்கொண்டு, லீவு நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே ஒரு புயல்சிறகன் படத்தை எடுத்து முடித்துவிட்டான். லிஃப்ட்டைக் கழற்றி எடுத்துவிட்ட ஒரு பழைய கிடங்கு, அதன் இருட்டுப் பள்ளம், தம்பிக்குத் தெரிந்த கயிறும் கப்பியும், அதை ஓட்ட ஒரு சின்ன மோட்டாரும். வெட்டி ஒட்டித் தர அக்கா இருக்கவே இருக்கிறாள்.

படம் எப்படி என்று கேட்டால் அவள் பொய் சொல்லமாட்டாள். கேட்காததால் சொல்லவில்லை. வசனத்தைத் தம்பி பரீட்சைக்கு ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்தான். வில்லன் நச்சுப்புகையனாக வந்தவன் டயர் கடைக்காரன். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் 'சரியா?' என்பது போல கேமராவைப் பார்த்தான். ஆனால் கடைசியில் ஒரு காட்சி இருந்தது. லிஃப்ட் பள்ளத்துக்குள் கயிற்றில் இறங்கும் புயல்சிறகனை நச்சுப்புகை சூழ்ந்து கொள்கிறது. பாதியில் தொங்குகிறான். சிறகு மேல்நோக்கி விறைத்து நிற்க, கை கழுத்துக்குப் போக, கால்கள் காற்றை உதைக்க, முகமூடியின் துளை வழியே தெரியும் கண் இரண்டும் பிதுங்கி வருகின்றன. முதல் தடவை பார்த்தபோது அக்காவுக்குப் புல்லரித்துப் போயிற்று. பயலுக்கு நடிப்பும் வருகிறதே! பூரிப்பில் அந்தக் காட்சியைப் பாதி வேகத்துக்கு இழுத்து, இரண்டு முறை திருப்பிப் போட்டு, வசனம் இல்லாத காட்சிதானே என்று சத்தத்தை அமுக்கி, மேலே வயலினை வைத்தாள். மாலை மாற்றும் நேரத்துக்கு வைக்கிற அதே வயலின்.

திரையிடும் நாள் காலையில்தான் ஒரு சின்னக் குறை கண்ணில் பட்டது. வில்லன் சிரிப்பதற்கு முன்னால் சத்தமே இல்லாத ஓர் ஓட்டை. அந்தப் பள்ளத்தின் எதிரொலி கொஞ்சம் கிடைத்தால் இட்டு நிரப்பிவிடலாம் என்று, தொங்குகிற காட்சியின் அசல் பதிவைத் திறந்து, ஹெட்போனை மாட்டி, முதன்முறையாகச் சத்தத்தைக் கூட்டினாள்.

கப்பி கிறீச்சிட்டது. ஏதோ துணி அரைபடும் சத்தம். அப்புறம் கிட்டத்திலிருந்து ஒல்லியின் குரல்: "சூப்பர் மச்சான்! அப்படியே, அப்படியே!"

பிறகு ஒரு சத்தம் வந்தது. தண்ணீர்க் குழாயில் காற்று அடைத்துக்கொண்டது போல. அது தம்பியின் தொண்டையிலிருந்து வருகிறது என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பூட்ஸ் குதிகால் சுவரில் மோதியது, மறுபடி மோதியது. "ம... மச்சா... நிறு..."

"யப்பா, பின்றானே!" என்று ஒல்லி சிரித்தான்.

ஓட்டிக்கூடப் பார்க்காமல் அவள் வெட்டி எறிந்த பகுதியும் அந்தப் பதிவில் இருந்தது. அதையும் பார்த்தாள். தம்பியின் கை இடுப்பைத் தடவுகிறது. பழக்கதோஷத்தில் வேஷத்துக்கு அடியில் கட்டியிருந்த கருவிப் பட்டையிலிருந்து கத்தி வெளியே வருகிறது. கப்பிக்குள் இழுபட்டுப்போன சிறகைத் தலைக்கு மேலே கண்மூடித்தனமாக அறுக்கிறான். துணி விட்டதும் இடுப்புக் கயிற்றில் துவண்டு சுருண்டு தொங்குகிறான். அப்போதுதான் ஒல்லி அலறுகிறான்.

அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

மத்தியானம் தம்பி குளித்து முழுகி, வேஷம் மடித்து வைத்த பையோடு வந்து நின்றான். கழுத்தில் பிளாஸ்திரி எடுத்த இடத்தில் சிவப்புத் தடம் இன்னும் மங்கவில்லை. "கெளம்பலாமாக்கா?"

"கதவைச் சாத்து."

"என்னக்கா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

அவள் ஹெட்போனை நீட்டினாள். அவன் மானிட்டரைப் பார்த்தான், வாங்கிக்கொள்ளவில்லை.

"ஒல்லிகிட்ட அன்னிக்கே சொன்னேன், அதை அழிச்சுடுடான்னு. சோம்பேறி."

"அழிக்கச் சொன்னியா? என்கிட்ட சொல்லத் தோணலையா உனக்கு? வேலையில கேபிள் உரசிடுச்சுன்னியேடா!"

"சொன்னா நீ என்ன பண்ணியிருப்பே? அந்தக் காட்சியைத் தூக்கியிருப்பே."

"தூக்காம? பூ வச்சுக் கும்பிடணுமா? லிஃப்ட் வேலைல ஒருத்தன் சட்டை நுனி ஆடினா நீ விடமாட்டே. ஆளுயரத் துணியை முதுகுல கட்டிக்கிட்டுக் கப்பிக்கு அடியில போய்த் தொங்கியிருக்கியே!"

"அது வேலைக்கா. இது சினிமா." சொல்லிவிட்டு அவனே தலையைச் சொறிந்துகொண்டான். "அந்த நேரத்துல மெக்கானிக்கா நெனைக்கவே இல்லக்கா. புயல்சிறகனாதான் நெனைச்சேன்."

"புயல்சிறகனுக்குக் கழுத்து இல்லையா?"

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அக்கா, நீயே சொல்லு. படத்துல உருப்படியா வேற என்ன இருக்கு? அதை எடுத்துட்டா ஊர் சிரிக்கும்."

அவன் சொன்னது பொய்யில்லை. அதுதான் அவளைச் சுட்டது. அந்தக் காட்சியைப் பார்த்துப் பூரித்தவளும், பாதி வேகத்துக்கு இழுத்தவளும் அவள்தானே?

"உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"உனக்கே தெரியாது, அவளுக்கு எப்படித் தெரியும்?"

தம்பி மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. கழுத்துக் காயத்தைப் பார்த்த அன்றிலிருந்து தினமும் களிம்பு தடவுகிறாள். தடவும்போதெல்லாம் லிஃப்ட் கம்பெனியைக் கரித்துக் கொட்டுகிறாள். அந்த வேலையை விட்டுவிட்டுத் தன் அண்ணன் கடையில் நில்லென்று வீட்டில் ஒரே மல்லுக்கட்டு. தம்பி வேலையை விடுவதாக இல்லை. வேலை மேல் பழியைப் போட்டுவிட்டு வேலைக்காகவே சண்டையும் போட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கு அப்படியே ஓட்டறேன்," என்றாள் அக்கா கடைசியில். "ஆனா ராத்திரி வீட்டுக்குப் போனதும் அவகிட்ட உள்ளதைச் சொல்லிடணும். இனிமே கயிறு கட்டித் தொங்குற வேலை கிடையாது. சம்மதமா?"

"சரிக்கா."

"என்னைப் பார்த்துச் சொல்லு."

"அட, சரிங்கறேன்ல!"

நூலகத்து மாடியில் சின்ன அரங்கு. மடக்கு நாற்காலிகள் எல்லாம் நிரம்பி, சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். பாதிப் பேர் சிறகு படம் போட்ட பனியனில் வந்திருந்தார்கள். கடைசி வரிசையில் லேப்டாப்போடு அக்கா உட்கார, பக்கத்தில் தம்பி மனைவி. கடையிலிருந்து நேராக வந்ததில் அவள் மேல் மருந்து வாசனை அடித்தது.

"எனக்கு இந்தப் பறக்கறவங்க கதையெல்லாம் ஒன்னும் புரியாது அண்ணி," என்றாள். "எங்க கைதட்டணும்னு சொல்லுங்க, தட்டிடறேன்."

படம் ஓடியது. புயல்சிறகன் பொத்தானை அமுக்கிவிட்டு, லிஃப்ட் வராமல் கைகட்டிக் காத்து நிற்கும் இடத்தில் அரங்கு குபீரென்று சிரித்தது. வசனம் வந்த இடங்களில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. தொங்கும் காட்சி வந்தபோது ஒரு சத்தமில்லை. யாரோ "ஐயோ" என்றார்கள். தம்பி மனைவி அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "நல்லாத்தான் பண்றாரு, இல்ல?"

"ம்," என்றாள் அக்கா. வயலின் இழுத்துக்கொண்டே போனது. தான் இழுத்து வைத்த பாதி வேகத்தில் தம்பி மூச்சுக்குத் தவிப்பதை இரண்டு முறையும் முழுசாகப் பார்த்தாள். அந்தக் காட்சியை இவ்வளவு நீளமாகவா வைத்தோம் என்று நொந்துகொண்டாள்.

விளக்கு போட்டதும் கண்ணாடி போட்ட ஒருவர் எழுந்தார். ரசிகர் வட்டத்தில் அவர் வாயிலிருந்து வருவதுதான் தீர்ப்பு. நடுவரும் அவரே.

"குறையிலேருந்து ஆரம்பிக்கறேன், அப்பதான் நிறை ஜீரணமாகும். புயல்சிறகன் ஏங்க மேடையில பேசற மாதிரியே பேசறாரு? 'தீமையே, உனக்கு இங்கு இடமில்லை!' வீட்டுலயும் இப்படித்தானா?"

"வீட்டுல வாயே திறக்கறதில்ல," என்று தம்பி மனைவி முணுமுணுத்தாள்.

"முகமூடி அடிக்கடி மூக்குக்கு இறங்கிடுது. வில்லன் நம்மகிட்ட அனுமதி கேக்கறாரு. எதுக்கெடுத்தாலும் மெதுவா ஓட விடறாங்க. ஒரு இடத்துல ரெண்டு காட்சிக்கு நடுவுல பூ உதிருது. யாருக்குக் கல்யாணம்னு எனக்குப் புரியல."

அரங்கு சிரித்தது. அக்காவின் காது சுட்டது.

"நிறைன்னா, லிஃப்ட்டுக்குக் காத்திருக்கற இடம். அதிசய வீரனுக்கும் லிஃப்ட் வரமாட்டேங்குது பாருங்க, அந்த ஒரு நிமிஷம் அவன் நம்ம ஆளாயிடறான். அப்புறம் அந்தப் பள்ளம், அந்த இருட்டு. செட்டு போட்டா வராது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா அந்தத் தொங்கற காட்சி! எத்தனையோ ரசிகர் படம் பாத்தாச்சு. உயிர் போற பயத்தை முகமூடிக்குள்ளேருந்து காட்டின ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன். அது இல்லன்னா இது சாதாரணப் படம். அது இருக்கறதால இன்னிக்கு இதுக்கு மேல வேற படம் இல்ல. எப்படிங்க எடுத்தீங்க?"

கைதட்டலுக்கு நடுவே தம்பி மேடைக்குப் போய் மைக்கை வாங்கினான். அக்கா அவன் முகத்தையே பார்த்தாள். அந்த முகத்தில் மத்தியானம் கொடுத்த வாக்கு இருந்த இடமே தெரியவில்லை.

"பாத்திரத்துக்குள்ள போயிடணும் சார்," என்றான். "ஒரே டேக். டூப் கிடையாது."

கைதட்டல் இன்னும் பலத்தது.

"அடுத்த பாகத்துல இதைவிடப் பெருசா வச்சிருக்கோம். மொட்டைமாடியிலேருந்து தொங்கறேன். இடம்கூடப் பாத்தாச்சு. இல்லடா ஒல்லி?"

முன்வரிசையில் இருந்த ஒல்லி தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

சுவரோரம் நின்ற இளைஞன் ஒருவன் கையைத் தூக்கினான். "நாங்களும் படம் எடுக்கறோம் அண்ணா. இதே மாதிரி தொங்கணும். சிறகைக் கட்டிக்கிட்டே கயிறு போடலாமா? ஒன்னும் ஆகாதுல்ல?"

தம்பி ஒரு கணம் தயங்கினான். அடையாள அட்டையைச் சட்டைப்பையில் செருகுகிற அந்தத் தம்பி இப்போது வாயைத் திறப்பான் என்று அக்கா காத்திருந்தாள்.

"பயந்தா வேலைக்கு ஆகாது தம்பி," என்றான் அவன், சிரித்துக்கொண்டே. "துணிஞ்சு எறங்கணும்."

அவள் யோசித்துச் செய்ததாகச் சொல்ல முடியாது. விரல்கள் தானாகப் போயின. வயலினை அமுக்கினாள். வேகத்தை அசலுக்குக் கொண்டுவந்தாள். சத்தத்தைத் திறந்து, வெட்டிய பகுதியையும் சேர்த்துக் காட்சியை ஓடவிட்டாள்.

திரையில் புயல்சிறகன் மறுபடி தொங்கினான். கப்பி அரங்கின் ஸ்பீக்கரில் கிறீச்சிட்டது. "சூப்பர் மச்சான்! அப்படியே, அப்படியே!" என்றது ஒல்லியின் குரல். சிலர் சிரிக்க ஆரம்பித்தார்கள். பிறகு அந்தத் தொண்டைச் சத்தம் வந்தது. சிரிப்பு வரிசை வரிசையாக அணைந்தது.

"யக்கா!" என்று தம்பி மைக்கிலேயே கத்தினான். "நிப்பாட்டு!"

அவள் நிப்பாட்டவில்லை. கத்தி வெளியே வந்தது. துணி கிழிந்தது. கயிற்றில் சுருண்டவன் இருமி, வாந்தியெடுத்து, மூச்சை இழுத்து இழுத்து வாங்கியது கடைசி வரைக்கும் ஓடி முடிந்தது. திரை இருண்டபோது தம்பி மேடையில் சிலை மாதிரி நின்றான். தன்னிடமிருந்து அப்படியொரு சத்தம் வந்ததை அவனும் அப்போதுதான் கேட்கிறான் என்பது அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

தம்பி மனைவி எழுந்தாள். "வழி விடுங்க," என்று நிற்கிறவர்களிடம் நிதானமாகச் சொல்லிக்கொண்டே வெளியே போனாள்.

மாடிப்படியருகே அக்கா போய்ச் சேர்ந்தபோது தம்பி ஏற்கெனவே அங்கே இருந்தான். வெறி பிடித்தவன் போல அவள் பக்கம் திரும்பினான்.

"இத்தனை பேர் முன்னால என் மானத்தை வாங்கிட்டியேக்கா!"

"மானத்தைத்தான் வாங்கினேன். உசிரை உன்கிட்டயே விட்டு வச்சிருக்கேன்."

"சரின்னு சொன்னே! இன்னிக்கு அப்படியே ஓட்டறேன்னே!"

"நீயும்தான் சரின்னே."

தம்பி மனைவி இருவரையும் பார்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். குரலை உயர்த்தாமல் கேட்டாள்: "கேபிள் உரசினதுன்னு சொன்னது?"

அவன் காலரை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டான்.

"தினம் களிம்பு போட்டேனே. கம்பெனிக்காரனைத் திட்டினேனே. வேலையை விடு விடுன்னு உன் உசிரை வாங்கினேனே. ஒருநாளாவது வாயைத் தொறந்தியா? அண்ணி, உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"காலையில."

"காலையிலயே தெரிஞ்சும் என் பக்கத்துல உக்காந்து 'ம்'னீங்க."

அக்கா லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"உக்காரு," என்றாள் தம்பி மனைவி, புருஷனிடம். "சொல்லு. முதல்லேருந்து."

அவன் ஏதோ வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தான். ஒல்லிக்கு ஒரு கையில கேமரா, இன்னொரு கையில மோட்டார் சுவிட்சு, மூளை மட்டும் வீட்டுல என்றான். அவள் சிரிக்கவில்லை. கயிறு இறங்கியதைச் சொன்னான். முதுகுக்குப் பின்னால் ஏதோ இழுத்ததைச் சொன்னான். காலை உதைத்தால் ஒல்லிக்குப் புரியும் என்று நினைத்ததையும், உதைக்க உதைக்க அவன் கைதட்டாத குறையாகப் படம் பிடித்ததையும் சொன்னான். "அப்ப ஒன்னு தோணிச்சு. இப்பிடியே செத்தாலும் இவன் சூப்பர்னுதான் சொல்லுவான்னு." கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. படத்தில் ஒரு வசனத்தைக்கூட இப்படிப் பேசவில்லையே என்று அக்காவுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அவள் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

"மொட்டைமாடி?" என்றாள் மனைவி.

"இல்ல."

"எனக்காகச் சொல்லாத."

"இல்ல, வேணாம். அந்தச் சத்தத்தைக் கேட்டதுக்கு அப்புறம் ஏணியில ஏறவே யோசனையா இருக்கு."

அரங்குக் கதவைத் திறந்துகொண்டு கண்ணாடிக்காரர் வந்தார். மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்தக் காட்சியோட படத்தைப் போட்டியில வச்சுக்க முடியாதுங்க. உள்ள இருக்கற பசங்க நாளைக்கே கயிறு வாங்கிடுவானுங்க. படத்தையே வாபஸ் வாங்கிக்கறீங்களா?"

தம்பி அக்காவைப் பார்த்தான். சின்ன வயசிலிருந்தே அவன் ஒரு விஷயத்தைக் கேட்பதற்கு முன் அப்படித்தான் பார்ப்பான். "அதை இங்கயே வெட்டி எடுக்க முடியுமாக்கா?"

"முடியும். ஆனா அவரு சொன்னதைக் கேட்டேல்ல? அது போனா சாதாரணப் படம்தான்."

"எடுத்துடு."

அவள் படியிலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். ஒரு பக்கம் தம்பி, மறு பக்கம் அவன் மனைவி. கண்ணாடிக்காரர் நின்றபடியே எட்டிப் பார்த்தார். வெட்டினாள். வயலினும் சேர்ந்து போயிற்று. ஓட்டிப் பார்த்தார்கள். புயல்சிறகன் பள்ளத்தின் விளிம்பில் நின்று கீழே குனிந்து பார்க்கிறான். அடுத்த நொடியே தரையில் கைகட்டி நிற்கிறான்.

"எறங்கினதே தெரியல," என்றாள் தம்பி மனைவி.

"அதிசய வீரன்ல," என்றான் அவன் மெல்ல. "பொசுக்குனு வந்துட்டான்னு வச்சுக்க வேண்டியதுதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. ஆனால் களிம்பு தடவுகிற பழக்கத்தில் அவன் சட்டைக் காலரை விலக்கித் தடத்தைப் பார்த்தாள்.

"படம் அந்த இடத்துல தாவுதுங்க," என்றார் கண்ணாடிக்காரர். "சொல்லாம இருக்க முடியாது. இது பெரிய குறை."

"தெரியும் சார்," என்றான் தம்பி. "எழுதிக்கோங்க."